டிஸ்க் சாண்டரில் உப்புத்தாள்: ஒட்டவும் உரிக்கவும் நான் கற்றது

கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்துப் பக்கம் ஒரு பேட்டர்ன் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேஸ்திரி என் கையில் மரத்தைக் கொடுக்கவில்லை. ஒரு பட்டித் தகட்டையும் பழைய வேட்டித் துணியையும் கொடுத்து, டிஸ்க் சாண்டரின் தட்டைக் காட்டினார். உப்புத்தாள் ஒட்டிய வட்டத் தட்டைச் சுழற்றி மரத்தைத் தேய்க்கிற மெஷின் அது. எனக்கு முன்னால் இருந்த பையன் தாளை அவசரமாகப் பிய்த்துவிட்டுப் பாதியில் போயிருந்தான். உப்புத்தாளின் முதுகுக் காகிதம் தட்டு முழுக்கத் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியில் வந்து தட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தவர், "ஒட்டறதுக்கு யாரு வேணாலும் ஒட்டலாம் கண்ணு. உரிக்கறப்பத்தான் ஒட்டுனவன் எப்படிப்பட்டவன்னு தெரியும்" என்றார்.

அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. எட்டு வருஷம் அவரிடம் இருந்துவிட்டு, தனியாகப் பட்டறை போட்ட பிறகுதான் விளங்கியது. பசை, தாள், மோட்டார் எல்லாம் என் காசில் வாங்கும்போது விஷயமே வேறு.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃபவுண்டரியில் இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், அந்தப் பொருளின் வடிவத்தை மரத்தில் செய்து மணலில் அமுக்கி எடுப்பார்கள். அந்த மரவடிவம்தான் பேட்டர்ன். பம்பு பாடி, மோட்டார் கவர், கிரைண்டர் அடித்தட்டு என்று கோயம்புத்தூரில் வார்க்கிற எதற்கும் முதலில் ஒருவர் மரத்திலோ வேறு எதிலோ பேட்டர்ன் செய்தாக வேண்டும். பக்கவாட்டுச் சுவர்கள் நேர் செங்குத்தாக இருந்தால் பேட்டர்னைத் தூக்கும்போது மணலும் பிய்ந்து வந்துவிடும். அதனால் சுவருக்கு 1 டிகிரியோ 2 டிகிரியோ டேப்பர் கொடுப்போம். இரும்பு ஆறும்போது சுருங்குவதற்காக 100 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் கூடுதலாகவும் வைப்போம். இந்தக் கணக்கையெல்லாம் மரத்தில் கொண்டுவருகிற இடம் டிஸ்க் சாண்டர். தட்டுக்கு முன்னால் இருக்கும் மேசையை 1 டிகிரி சாய்த்து, மரத்தைத் தட்டோடு அணைத்தால் டேப்பர் வந்துவிடும். ஆனால் தாளுக்கு அடியில் ஒரு பசைக் கட்டி இருந்தால் அந்த 1 டிகிரி பொய்யாகிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கட்டி மரத்தை ஒரு தட்டுத் தட்டும். அந்த இடம் மட்டும் சூடாகி மரத்தில் பழுப்புக் கோடு விழும்.

என் முதல் மெஷின் ஒரு பழைய வெட் கிரைண்டரின் அரை எச்பி மோட்டார். தட்டுக்கு நானே பேட்டர்ன் செய்து, அலுமினியத்தில் ஊற்றி, லேத்தில் முகம் கடைந்து வாங்கினேன். 8 அங்குலத் தட்டு. அந்த அளவை யோசித்துத்தான் வைத்தேன். கடையில் கிடைக்கிற உப்புத்தாள் ஷீட் 9க்கு 11 அங்குலம். 8 அங்குல வட்டம் அதில் முழுதாக விழும். 12 அங்குலத் தட்டு வைத்தால் வெட்டி வைத்த வட்டமோ, அகலமான எமரி ரோலோ (துணி முதுகு உப்புத்தாள்) வாங்கியாக வேண்டும். இரண்டு துண்டை இணைத்து ஒட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. இணைப்பு விளிம்பு மரத்தில் மாட்டும். மாட்டினால் அந்த நொடியிலேயே தாள் கிழிந்து கழன்றுவிடும்.

மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்று, அதாவது நொடிக்கு 24. 8 அங்குலத் தட்டின் விளிம்பு இந்த வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 15 மீட்டர் ஓடுகிறது. 12 அங்குலமானால் 23 மீட்டர். நடுப்புள்ளியில் ஓட்டமே இல்லை. எனவே பசை விடுவது எப்போதும் விளிம்பில்தான் தொடங்கும். நடுவில் எவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தாலும், விளிம்பில் ஒரு நகக்கண் அளவு தூக்கியிருந்தால் போதும், காற்றும் மரமும் சேர்ந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மேஸ்திரி இளவட்டமாக இருந்தபோது வச்சிரம் என்கிற தோல் பசையைக் காய்ச்சித்தான் ஒட்டினார்களாம். மர வட்டத்தில் எமரித் துணியை ஒட்டி ராத்திரி முழுக்கப் பாரம் ஏற்றி வைப்பார்கள். காலையில் கல் மாதிரி பிடித்திருக்கும். உரிக்க வேண்டுமென்றால் வெந்நீரில் நனைத்த சாக்கை மேலே போட்டுவிட்டு டீ குடித்து வந்தால் போதும், இளகிவிடும் என்பார். ஒட்டும்போதே உரிப்பதற்கு ஒரு வழி இருந்தது. இப்போது கிடைக்கிற பசைகள் வச்சிரத்தை விட நல்லவைதான். ஆனால் வாங்கும்போது எப்படி உரிப்பது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. தனிப்பட்டறை போட்ட புதிதில், மரத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பசை டப்பாவில் மிச்சம் இருந்தது. அதையே தட்டில் தடவி 80ஆம் நம்பர் தாளை ஒட்டினேன். அந்தப் பசையில் இருப்பது தண்ணீர். மரம் தண்ணீரைக் குடிக்கும், அலுமினியம் குடிக்காது. தாள் மட்டும் ஊறி அலையலையாக உப்பிவிட்டது. இரண்டு நாள் கழித்து விளிம்பைக் கிளப்பிப் பார்த்தேன், நடுவில் இன்னும் பாலாகவே இருந்தது. உலோகத் தட்டுக்கு அந்தப் பசை வேண்டாம்.

அடுத்தது ரப்பர் பசை. மைக்கா ஒட்டுகிறவர்களும் சோபா தைக்கிறவர்களும் வைத்திருக்கும் அந்த மஞ்சள் பசைதான். எஸ்ஆர் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல பசை. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவ வேண்டும், பத்துப் பதினைந்து நிமிஷம் விட வேண்டும், விரல் புறத்தால் தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு நகர்த்த முடியாது. எனக்கு அந்தப் பதினைந்து நிமிஷப் பொறுமை இல்லாமல் போனது ஒரு ஐப்பசி மாதத்தில்.

விடாமல் மழை. ஒரு மோனோபிளாக் பம்பு கேஸிங்கின் பாதிப் பேட்டர்னை மறுநாள் ஃபவுண்டரிக்குக் கொடுக்க வேண்டும். தாள் தேய்ந்து போயிருந்தது. பசையைத் தாராளமாக வழித்துத் தடவி, ஈரம் போவதற்குள் ஒட்டி, அரை மணி நேரத்தில் மெஷினைப் போட்டுவிட்டேன். பசைக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் அடியில் மாட்டிக்கொண்டால், சூடு ஏற ஏறக் கொப்புளமாகக் கிளம்பும். மழை ஈரத்தில் இன்னொரு கேடும் உண்டு. கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் பனி மாதிரி படிந்துவிடும். உற்றுப் பார்த்தால் பசை வெளிறித் தெரியும். அதன் மேல் ஒட்டினால் பிடிப்பு இருக்காது. என் தட்டில் இரண்டும் சேர்ந்தே இருந்திருக்க வேண்டும்.

பேட்டர்னின் பிரிப்பு முகத்தை, அதாவது இரண்டு பாதியும் சேருகிற பக்கத்தை, அணைத்து மூன்றாவது முறை நகர்த்தும்போது 'டப்'பென்று ஒரு சத்தம். கொப்புளம் இருந்த இடத்தில் தாள் கிழிந்து, கிழிந்த நாக்கு மரத்தின் அடியில் புகுந்து, பேட்டர்னைத் தூக்கி அடித்தது. மரம் போன இடத்தில் என் கை இருந்தது. வலது கையில் இரண்டு விரல் முட்டித் தோல் வழித்தெடுத்தது போலப் போய்விட்டது. தாள் தென்னங்கீற்றுத் தடுப்பில் போய் விழுந்தது. பேட்டர்னின் ஓரத்தில் 2 மில்லி ஆழத்துக்கு ஒரு கடி. அன்று ராத்திரி கையில் கட்டோடு, கடித்த இடத்தைச் சதுரமாக வெட்டி, தேக்குத் துண்டு பதித்து, திரும்ப அளவுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் கொடுக்க முடியவில்லை. ஃபவுண்டரிக்காரர் கையைப் பார்த்துவிட்டு, "அவசரமில்லீங்க, ஆறட்டும்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

காயம் ஆறுகிற வரைக்கும் பழைய மேஸ்திரியைப் போய்ப் பார்த்து வந்தேன். அப்போது அவர் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு இந்த வேலையின் திறவுகோல். "மரம் தாளை எங்க தள்ளுது? தட்டு மேலதான அமுக்குது. பிச்சு இழுக்கறதில்லையே. அப்புறம் எதுக்குடா அவ்வளவு பசை?" உண்மைதான். தாள் தட்டோடு பக்கவாட்டில் வழுக்காமல் இருந்தால் போதும். அதற்குக் கனமான பசை தேவையில்லை. மெல்லிய பசை, ஒரு இடம் விடாமல், முக்கியமாக விளிம்பு வரைக்கும். கனமாகத் தடவுகிறவர் ஒட்டும்போது கட்டியையும், உரிக்கும்போது வேதனையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு நான் ஸ்ப்ரே பசைக்கு மாறினேன். டப்பாவை நன்றாகக் குலுக்கி, தாளின் முதுகில் மட்டும் ஒரு பூச்சு. தட்டில் அடிப்பதில்லை. ஒரு நிமிஷம் விட்டு, பசை நூல் இழுக்கிற பதத்தில் தட்டில் வைத்து அழுத்துவேன். இரண்டு பக்கமும் அடித்தால் பிடிப்பு பலமாகும், ஆனால் உரிப்பது பெரும்பாடாகும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் உரிக்கும்போது பெரும்பாலான பசை தாளோடு போய்விடும். இதற்கு ஒரு எச்சரிக்கை: ஆடிக் காற்றில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று, பட்டறைக்குள் இருக்கும் மரத்தூளையெல்லாம் கிளப்பி ஈரப்பசையில் அப்பிவிடும். பசை முகத்தில் தூள் ஒட்டினால் அந்தத் தாளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். காற்று காலத்தில் நான் பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதற்குள் தாளை வைத்து அடிக்கிறேன்.

இப்போது பெரும்பாலும் முதுகில் பசை பூசியே வருகிற ஸ்டிக்கர் தாள்தான் வாங்குகிறேன். விலை கூடுதல்தான். ஆனால் பசை எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்கும். அதை நாள்கணக்கில் தகரக்கூரைக்கு அடியில் வெயிலில் வைத்தால் பசை காய்ந்து வீணாகும். வீட்டுக்குள், சமமாக, மேலே ஒரு பலகை வைத்து அடுக்குங்கள். வெல்க்ரோத் தட்டு வாங்கினால் ஒட்டுகிற வேலையே இல்லையே என்று பலர் சொல்வார்கள். பர்னிச்சர் வேலைக்கு அது சரி. பேட்டர்னுக்கு வேண்டாம். வெல்க்ரோ ஒரு மெத்தை. மரத்தை அமுக்கும்போது அது உள்வாங்கி, கூராக இருக்க வேண்டிய மூலையை உருட்டிவிடும். பிரிப்பு முகத்தின் ஓரம் உருண்டால் வார்ப்பில் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் இரும்பு கசிந்து விளிம்பு நிற்கும்.

காகித முதுகா, துணி முதுகா என்றால் என் ஓட்டு துணிக்கு. காகிதம் உரிக்கும்போது அடுக்கடுக்காகப் பிளந்து, பாதி தட்டிலேயே தங்கும். துணி முழுசாக ஒரே இழுப்பில் வரும். முதல் நாள் நான் பொழுது முழுக்கச் சுரண்டியது காகிதத்தைத்தான்.

ஒட்டும்போது நான் செய்வது இதுதான். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். சுவிட்சை மட்டும் நம்புவதில்லை. மேசையைக் கழற்றியோ பின்னுக்கு நகர்த்தியோ தட்டு முழுக்கத் தெரியும்படி வைப்பேன். தட்டைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு உள்ளங்கையால் மெதுவாகத் தடவுவேன். கண்ணுக்குத் தெரியாத கட்டி கைக்குத் தெரியும். தாளை, முதுகுப் பக்கம் பென்சிலால் வட்டம் போட்டு, தட்டை விட 2, 3 மில்லி சின்னதாகவே வெட்டுவேன். கத்தரிக்கோலால் வெட்டினால் அதன் வாய் அன்றோடு மழுங்கிவிடும். பிளேடால் முதுகுப் பக்கமிருந்து கீறுவேன். ஸ்டிக்கர் தாளானால் பின்தாளை முழுதும் உரிக்காமல் மேல்பக்கம் மூன்று விரல் அகலம் மட்டும் உரித்து, விளிம்பைச் சரி பார்த்து ஒட்டி, அப்புறம் பின்தாளைக் கீழே இழுத்துக்கொண்டே, உருண்டைக் கட்டையால் மேலிருந்து கீழாக நீவி வருவேன். காற்று மாட்டாது. பிறகு தாளின் மேல் ஒரு சமமான பிளைவுட் பலகையை வைத்து, தட்டோடு சேர்த்து சி கிளாம்ப் போட்டு அரை மணி நேரம் விடுவேன்.

கிளாம்பைக் கழற்றிவிட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் நின்றுகொண்டு மெஷினைப் போட்டு ஒரு நிமிஷம் வெறுமனே ஓட விடுவேன். தட்டுக்கு நேராக நிற்பதில்லை. அதன்பிறகு மேசையை மாட்டி, தாளுக்கும் மேசைக்கும் 2 மில்லிக்கு மேல் இடைவெளி இல்லாமல் வைத்து, மூலைமட்டத்தால் 90 டிகிரி பார்ப்பேன். மரத்தை எப்போதும் தட்டு கீழ்நோக்கி ஓடுகிற பாதியில் மட்டும் அணைக்க வேண்டும். மேல்நோக்கி ஓடுகிற பாதியில் வைத்தால் மரத்தையும் தூளையும் உங்கள் முகத்துக்கே தூக்கி எறியும்.

சரி, உரிப்பதற்கு வருவோம். பசை இளகச் சூடு வேண்டும். கைவசம் இருக்கிற முதல் சூடு மெஷினே கொடுக்கிறது. மழுங்கிய தாளில் ஒரு வேஸ்ட் கட்டையை ஒரு நிமிஷம், தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தி நகர்த்தித் தேய்த்தால், அதிலேயே தாள் வெதுவெதுப்பாகிவிடும். அப்புறம் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, விளிம்பைக் கிளப்பலாம். அது போதவில்லை என்றால் ஹீட் கன்னோ, வீட்டில் தலை காய வைக்கிற டிரையரோ. அலுமினியம் சூட்டைத் தட்டு முழுக்கப் பரப்பிவிடும் என்பதால் ஒரே இடத்தில் காட்டாமல் முழு வட்டத்தையும் மெல்லச் சூடாக்குங்கள். கை வைத்தால் சுடுகிறது, ஆனால் பொறுத்துக்கொள்ள முடிகிறது என்கிற அளவு போதும்.

சித்திரை வெயிலில் எனக்கு ஹீட் கன்னே தேவையில்லை. அலன் கீயால் ஸ்க்ரூவைத் தளர்த்தித் தட்டை ஷாஃப்டிலிருந்து கழற்றி, வாசல் திண்ணையில் தாள் மேலே பார்க்கும்படி வைத்துவிடுவேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து வரும்போது பசை வெல்லப்பாகு மாதிரி இருக்கும். பட்டித் தகட்டால் ஒரு முனையைத் தூக்கி, அந்த முனையை ஒரு உருண்டைக் குச்சியில் சுற்றி, தட்டோடு ஒட்டினாற்போல மடக்கி மெதுவாகச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் கிழியும். சுருட்டினால் முழுசாக வரும். வரும்போது 'சர்ர்'ரென்று ஒரே சீராகச் சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்று நின்று வந்தால் பசை ஆறிவிட்டது என்று அர்த்தம், இன்னும் சூடு காட்டுங்கள்.

மிச்சமிருக்கிற பசையை முதலில் விரலால் உருட்டிப் பாருங்கள். சூடாக இருக்கும்போதே பாதி உருண்டையாகத் திரண்டு வரும். வராதது தின்னருக்குப் போகட்டும். துணியைத் தின்னரில் நனைத்துத் தட்டின் மேல் போர்த்தி ஐந்து நிமிஷம் விட்டு, பிளாஸ்டிக் தகட்டால் தள்ளினால் வழிந்துவிடும். சீமெண்ணெயும் டர்பன்டைனும் ஸ்டிக்கர் பசையை மெதுவாகக் கரைக்கும். ஆனால் எண்ணெய்ப்பசை விட்டுப் போகும். அதைக் கடைசியாகத் தின்னரால் துடைக்காவிட்டால் அடுத்த தாள் பிடிக்காது. அலுமினியத் தட்டில் உளியையோ கத்தியையோ வைத்துச் சுரண்டாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் அதன் இரண்டு ஓரமும் எழும்பி நிற்கும். தட்டை ஓட விட்டு உளியைக் காட்டிப் பசையைச் சீவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேஸ்திரி அதைச் செய்த ஒரு பையனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். நானும் அதைத்தான் செய்வேன்.

தின்னர் விஷயத்தில் இன்னும் ஒன்று. அதன் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு படியும். எங்கள் மோட்டார் போன்ற சிங்கிள் பேஸ் மோட்டார்களில், கிளம்பும்போதும் நிற்கும்போதும் உள்ளே இருக்கும் சுவிட்ச் பொறி தட்டும். பக்கத்தில் மரத்தூள் வேறு. அதனால் சூட்டையும் தின்னரையும் ஒரே வேளையில் கலக்கக் கூடாது. முதலில் சூடு, தட்டு ஆறிய பிறகு தின்னர். துடைத்த பிறகு கதவைத் திறந்து வைத்து அரை மணி நேரம் மெஷினைத் தொடாதீர்கள். தின்னர் துணியைப் பட்டறைக்குள் மூலையில் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

உரிக்கிற வேலையே அடிக்கடி வராமல் இருக்க ஒரு வழி: தாள் அடைத்துக்கொண்டதையும் தேய்ந்துபோனதையும் பிரித்துப் பாருங்கள். தேக்கில் எண்ணெய் உண்டு. பள்ளம் நிரப்புகிற பாடி பட்டியும், மூலையில் வைக்கிற மெழுகும் தாளின் பல்லை அடைத்துவிடும். அடைத்த தாளை மழுங்கியது என்று நினைத்துக் கிழித்துப் போடுகிறவர்கள் அதிகம். பழைய க்ரேப் செருப்பின் அடிப்பாகத்தை ஓடுகிற தட்டில் லேசாகக் காட்டினால், அடைப்பு முழுவதும் அந்த ரப்பரில் ஏறிக்கொண்டு வந்துவிடும். எங்கள் பட்டறையில் ஆணியில் ஒற்றைச் செருப்பு ஒன்று எப்போதும் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் திருஷ்டிக்குத் தொங்க விட்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

உரித்த துணித்தாளைக் குப்பையில் போடுவதில்லை. விளிம்புதான் தேய்ந்திருக்கும், நடுவில் ஒரு கையகல வட்டம் ஏறக்குறையப் புதுசு மாதிரியே இருக்கும். அதை விரல் அகலப் பட்டைகளாகக் கீறி, ஸ்டிக்கர் பசை மிச்சமிருந்தால் அதோடேயே மூங்கில் குச்சிகளில் சுற்றி வைத்துவிடுவேன். பேட்டர்னின் உள்வளைவுகளுக்கு அந்தக் குச்சிதான் போகும்.